பொருள்: மறு: கோல்ஃப் வீச்சுக் காணொளி – 'டவுன் த லைன்' கோணத்துக்குச் சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கோல்ஃப் மட்டைவீச்சைக் கைப்பேசியில் படமெடுத்து ஆராய்வதற்கான சொற்பட்டியலில் 'ஸ்விங்' என்பதற்கு 'வீச்சு' என்றும் மட்டை சுழலும் சாய்தளமாகிய 'ஸ்விங் பிளேன்' என்பதற்கு 'வீச்சுத்தளம்' என்றும் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. இயற்பியலில் 'வீச்சு' வேறொரு பொருளில் வழங்கினாலும், வாளையும் வலையையும் வீசுகிற மொழியில் மட்டையை வீசுவதற்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை. தகராறு இருப்பது படமெடுக்கும் கோணங்களில்தான்.

முந்தைய மடலில், இலக்கை நோக்கிப் படமெடுக்கும் 'டவுன் த லைன்' கோணத்துக்குப் 'பின்கோணம்' என்ற சொல் முன்மொழியப்பட்டது. சுருக்கமாக இருந்தாலும் அதை ஏற்க இயலவில்லை. கோல்ஃப் ஆடுபவர் இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்கிறார். அவருடைய முதுகு பந்துக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. 'பின்கோணம்' என்று படித்த புதியவர் முக்காலியை அந்த முதுகுக்குப் பின்னால்தான் நிறுத்துவார். உண்மையில் அது நிற்க வேண்டிய இடம் இலக்குக்கு நேர் எதிர்ப்புறம், ஆடுபவரின் கைகள் இருக்கும் கோட்டின் நீட்சியில், ஏறத்தாழ அவருடைய கைகளின் உயரத்தில். இலக்குக் கோட்டுக்கு (பந்திலிருந்து இலக்குக்குச் செல்லும் கோடு) இணையாகத் தரையில் ஒரு குச்சியைக் கைகளுக்கு நேர்கீழே வைத்து, அதன் நீட்சியில் சில மீட்டர் தள்ளி முக்காலியை நிறுத்துவது எளிய வழி.

இடம் சற்று மாறினாலும் படம் பொய் சொல்லும் என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன். வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் மட்டையை இலக்குக் கோட்டுக்கு இணையாகவே பின்னிழுக்கிறார் என்று கொள்வோம். கேமரா கைகளின் கோட்டை விட்டுப் பந்தின் கோட்டுக்கு நகர்ந்தால், மட்டைத்தலை உடலின் பக்கம் உள்வாங்கியதுபோல் தெரியும். குதிகாலின் பக்கம் நகர்ந்தால் அதே வீச்சில் மட்டைத்தலை வெளியே போவதுபோல் தெரியும். இல்லாத குறையைத் திருத்தப் போய் நல்ல வீச்சையும் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆகவே, கேமரா எத்திசையை நோக்குகிறது என்பது சொல்லிலேயே இருப்பது நல்லது. என் பரிந்துரை 'இலக்குநோக்கு'. அதன் இணையான, ஆடுபவரின் மார்புக்கு நேரெதிரே கேமராவை வைக்கும் 'ஃபேஸ் ஆன்' என்பதற்கு 'மார்புநோக்கு' எனலாம். வீச்சுத்தளம், முதுகின் சாய்வு, இடுப்பு பந்தை நோக்கி முன்னே வருவது ஆகியவற்றை இலக்குநோக்கிலும், எடை மாற்றம், தலையின் பக்க அசைவு, பந்து வைத்த இடம் ஆகியவற்றை மார்புநோக்கிலும் பார்க்கலாம். 'இலக்குநோக்கு' குறிக்கோள் உடைமையையும் நினைவூட்டும் என்று ஒருவர் ஆட்சேபிக்கக்கூடும். 'இலக்குநோக்குப் படம்' என்று சேர்த்து வழங்கினால் அந்த மயக்கம் நீங்கும்.

'ஃப்ரேம் ரேட்' என்பதற்குப் 'படவேகம்' வேண்டாம், 'படவீதம்' போதும். தேர்ந்த ஆட்டக்காரரின் கீழ்வீச்சு (உச்சியிலிருந்து பந்தை அடிக்கும் வரையிலான வீச்சு) ஏறத்தாழ கால் நொடியில் முடிகிறது. நொடிக்கு 30 படங்கள் எடுத்தால் அதில் ஏழெட்டுப் படங்களே கிடைக்கும், 240 எடுத்தால் 60 கிடைக்கும். மட்டைத்தலை நொடிக்கு 50 மீட்டர் போகையில், முதல் முறையில் இரு படங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. இரண்டாவதில் அது 20 சென்டிமீட்டரளவுதான். வேகம் என்ற சொல்லை இங்கே செலவழித்துவிட்டால் 'ஷட்டர் ஸ்பீடு' என்பதோடு குழம்பும். அது உண்மையில் ஒரு கால அளவு என்பதால் 'திறப்புநேரம்' பொருந்தும்: 1/1000 நொடி திறந்திருந்தாலே அந்த மட்டைத்தலை 5 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கலங்கிப் பதியும்.

இன்னொன்றும் தேவைப்படுகிறது. கைப்பேசியின் உணரி படத்தை வரிவரியாகப் பதிவதால், வேகமாக நகரும் மட்டைத்தண்டு வில்லாக வளைந்து தெரிகிறது. தண்டு மெய்யாகவே ஓரளவு வளையும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். அதிவேகப் படப்பிடிப்பின் முன்னோடி ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1938இல் கோல்ஃப் வீரர் டென்ஸ்மோர் ஷூட்டின் வீச்சை மின்னல்விளக்கில் பிடித்த படத்தில் இருப்பது அந்த மெய்வளைவு. கைப்பேசியின் பொய்வளைவை 'வரிப்பிறழ்வு' எனப் பிரித்துச் சொல்லலாம்.

'மார்புநோக்கு' செவிக்கு நெருடுகிறது என்பவர்கள் மாற்றுச் சொல் தரலாம். 'முன்கோணம்' மட்டும் வேண்டாம். இலக்கு இருக்கும் பக்கத்தையும் 'முன்' என்றே ஆட்டக்காரர்கள் சொல்வார்கள்.