மான் வேலி: கடற்காற்றில் கட்டுக்கம்பி ஒன்றரை ஆண்டில் இற்றுவிடுகிறது

கேள்வி (வாலிநோக்கம்)

வணக்கம். கடற்கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உள்ளே 60 சென்ட் நிலத்தில் கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறேன். சீமைக்கருவேலங்காட்டில் தங்கும் புள்ளிமான்கள் இரவில் வந்து தளிர்களை மேய்ந்துவிடுவதால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் கல்தூண் நட்டு, ஏழடி உயரத்துக்குச் சங்கிலி வலை அடித்தேன். தூண்கள் அசையவில்லை, வலையும் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் வலையைத் தூணோடு பிணைத்த கட்டுக்கம்பிகள் ஒன்றரை ஆண்டிலேயே இற்று, தொட்டாலே உதிர்கின்றன. வலை தொய்ந்த இடங்களில் மான்கள் அடிப்பக்கத்தை முட்டித் தூக்கி நுழைகின்றன. மறுபடி கட்டுவதற்கு எந்தக் கம்பியும் கருவிகளும் தேவை என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (வேலி வேலை செய்பவர், சாயல்குடி)

ஐயா, நீங்கள் பயன்படுத்தியது கான்கிரீட் கம்பி கட்டும் கறுப்புக் கட்டுக்கம்பியாக இருக்க வேண்டும். அதற்குத் துத்தநாகப் பூச்சே கிடையாது; கான்கிரீட்டுக்குள் புதைவதற்காகச் செய்யப்பட்டது அது. உப்புக்காற்றில் வெளியே நிற்கும் வேலிக்கு, கனமாகத் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியை (ஜி.ஐ. கம்பி) 12 அல்லது 14 கேஜ் தடிமனில் வாங்குங்கள்; கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும். துத்தநாகம் தன்னை இழந்துதான் இரும்பைக் காக்கிறது என்பதால், பூச்சு எவ்வளவு தடிமனோ அவ்வளவு காலம் கட்டு நிற்கும். கம்பியை முறுக்கும்போது கொறட்டின் பல் பூச்சைச் சுரண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; நறுக்கிய நுனிகளில் துத்தநாகப் பெயிண்ட் தொட்டு வையுங்கள். நம் ஊர்க் கடைகளில் துரு பிடிக்காத எஃகுக் கம்பி கிடைத்தாலும், அதை ஜி.ஐ. வலையோடு சேர்த்துக் கட்டுவதை நான் தவிர்ப்பேன், ஏனெனில் ஈரத்தில் இரு உலோகங்களும் தொடும் இடத்தில் வலையின் துத்தநாகம் முன்னதாகக் கரைந்துவிடும். வாயிற்கதவின் கீல், போல்ட்டு ஆகியவற்றுக்கு மட்டும், 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 தரத் துரு பிடிக்காத எஃகு செலவுக்குத் தகுந்த பலனைத் தரும்.

2025இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்கே துரு பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிப் பாதுகாப்புப் பூச்சும் தேவைப்பட்டன என்றால், நம் காற்றில் சாதாரணக் கம்பி நிற்காதது வியப்பில்லை.

மறுமொழி 2 (தென்னந்தோப்பு வைத்திருப்பவர், மண்டபம்)

கம்பியை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். வலை தொய்ந்ததற்குக் கட்டு மட்டும் காரணமாக இருக்காது. மேல், நடு, அடி என்று மூன்று வரிசை இழுவைக் கம்பிகளை ஓட்டி, மூலைத் தூண்களில் டர்ன்பக்கிள் (திருகிக் கம்பியை இறுக்கும் மரைக்கருவி) போட்டு இறுக்கிய பிறகே வலையை அவற்றில் கட்ட வேண்டும். டர்ன்பக்கிள் மரைக்கு ஆண்டுதோறும் கிரீஸ் பூசாவிட்டால், ஒரே மழைக்காலத்தில் துருவேறித் திருக முடியாமல் இறுகிவிடும். மூலைத் தூணுக்கு உட்புறம் சாய்வாக முட்டுக்கல் கொடுங்கள். இல்லையேல் இழுவையில் தூணே உள்நோக்கிச் சாயும். முட்டுக்கல் காலுக்குப் போடும் கான்கிரீட்டை உவர்க்கிணற்று நீரில் கலக்க வேண்டாம்.

அடிப்பக்கத்துக்கு, வலையின் ஓர் அடி அகலத்தை வெளிப்புறம் மடித்து மணலில் படுக்கவைத்து, இரண்டடி நீளக் கொக்கி முளைகளைத் தூணுக்குத் தூண் மூன்று இடங்களில் அடித்து இறக்கினேன். மணலில் குட்டை முளை நிற்காது. கடப்பாரை, தூக்குக்குண்டு, ரசமட்டம், கம்பி வெட்டும் கொறடு, சங்கிலி இழுப்பான் ஆகியவை இருந்தால் இருவர் சேர்ந்து வேலையை முடிக்கலாம். புள்ளிமான் நன்றாகத் தாண்டக்கூடியது என்பதால், தூண்களின் மேல் கம்பி நீட்டி எட்டடியாக உயர்த்துவது நல்லது.

மறுமொழி 3 (மீன்வளத் தொழிலில் இருப்பவர், ஏர்வாடி)

பழைய மீன்வலையை மேலே தொங்கவிட்டால் போதும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். ஆண்மானின் கொம்பு அதில் சிக்கினால், விடியும்வரை துடித்து உயிரை விடும். நானே அப்படி ஒன்றைக் கண்டு நெஞ்சு பதறினேன். மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவதோ மனிதரையும் கொல்லும் குற்றம். புள்ளிமான் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் விலங்கு.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. முதலில் மூலைத் தூண்களுக்கு முட்டுக்கொடுத்து, வடக்குப் பக்கத்தை மட்டும் 12 கேஜ் கம்பியில் கட்டிப் பார்க்கிறேன்.