ஜீவனானந்த தாஸ்: டிராம் மோதியது விபத்துதானா?

கடலோரன்:
1954 அக்டோபர் 14, கல்கத்தா ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் மீது டிராம் மோதியது. 22ஆம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்தார். தண்டவாளத்தில் மணியடித்துக்கொண்டு வரும் வண்டியைப் பார்க்காமல் போவாரா ஒருவர்? சாவை அவரே வரவேற்றார் என்றுதான் நினைக்கிறேன். 1928இல் சிட்டி கல்லூரி வேலை பறிபோனது. பிரிவினையில் பிறந்த ஊர் பாரிசால் எல்லைக்கு அப்பால் போனது. அவருடைய 'எட்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள்' கவிதையில் மனைவி, குழந்தை எல்லாம் இருக்கிற ஒருவன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அது அவரேதான்.

செம்பருத்தி:
அந்தக் கவிதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே தோழர்! கடைசியில் ஒரு கிழட்டு ஆந்தை வருகிறது, எலி பிடிக்கலாம் என்கிறது. கவிஞர் அந்த ஆந்தையோடு சேர்ந்துகொண்டு, வாழ்க்கையின் நிறைந்த களஞ்சியத்தை நாம் இருவரும் காலிசெய்துவிட்டுப் போவோம் என்கிறார். செத்தவனின் பக்கம் அல்ல, ஆந்தையின் பக்கம் நிற்கிறார். 'ரூபசி பாங்ளா' கவிதைத் தொகுப்பிலும் தான்சிரி ஆற்றங்கரைக்கு மறுபடி வருவேன், மனிதனாக இல்லாவிட்டாலும் மைனாவாக, விடியற்காலைக் காகமாக வருவேன் என்கிறார். கவிதையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும்.

கடலோரன்:
சரி, கவிதையை விடுவோம். வாழ்ந்தபோது அவரை மதித்தது யார்? 'சனிபாரேர் சிட்டி' பத்திரிகையில் அதன் ஆசிரியர் சஜனிகாந்த தாஸ் இதழுக்கு இதழ் கிண்டல் செய்தார். 'ரூபசி பாங்ளா' 1957இல், இறந்த பிறகுதான் வந்தது. நாவல்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. இது கொலை இல்லையா?

செம்பருத்தி:
கவிஞர் புத்ததேவ போஸை மறந்துவிட்டீர்கள். ஆரம்பத்திலிருந்தே தூக்கிப் பிடித்தவர் அவர். அப்புறம், கிண்டல் செய்த அதே சஜனிகாந்த தாஸ்தான் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சிகிச்சைக்காக ஓடியாடியவர்களில் ஒருவர். நாவல்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை, அவரே வெளியே காட்டவில்லை. எழுதி எழுதி வைத்துக்கொண்டே போனார். அந்தப் பிடிவாதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நெல்மணி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் சேர்ந்து அவர் மனைவி லாபண்யா அம்மையாரின் தலையைத்தான் உருட்டுகிறார்கள். அவருடைய 'மால்யவான்' நாவலில் வரும் மனைவி இவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வேலையில்லாத கணவனோடு குடும்பம் நடத்தியவர் அவர். அந்தப் பக்கத்தையும் யாராவது எழுதுங்களேன்.

கடலோரன்:
நெல்மணி சொல்வது நியாயம், அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆந்தையையும் மறுபடி படித்துப் பார்த்தேன், செம்பருத்தி. ஆனால் 55 வயது மனிதர், பெட்டி நிறையக் கையெழுத்துப் பிரதிகளை வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தினமும் மாலை நடந்து போயிருக்கிறார். அந்தத் தனிமைக்கு அவருடைய பிடிவாதம் மட்டும்தான் காரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.