சாமி படமும் பெரியம்மா செயினும்

குழு: பாளையங்கோட்டை வீடு 🏡

பெரியப்பா: டிவில சாமி ஓடுது. நம்ம ஊரு, நம்ம பேச்சு. 2003ல தியேட்டர்ல அடிச்ச விசில் இன்னும் காதுல கேக்கு. இப்படி ஒரு போலீஸ் வந்தாத்தான் நாடு உருப்படும்.

முத்து அண்ணன்: 👏👏 கடைசில செங்கச்சூளைல வச்சு முடிப்பாரே!

மதி: நானும் பத்து தடவ பாத்துட்டேன் பெரியப்பா. இந்தத் தடவ வில்லன மட்டும் கவனிங்க. போலீஸ் படத்துல வில்லன் யாருன்னு பாத்தா, அந்த வருஷம் சனங்க எதுக்குப் பயந்தாங்கன்னு தெரிஞ்சிரும்.

மதி: 1974ல தங்கப்பதக்கம். சிவாஜி பெத்த மகனையே சுடுவார், ஏன்னா அங்க சட்டம்தான் பெருசு. 2003ல பெருமாள் பிச்சை, ஊரையே கையில வச்சிருக்கிற ஆளு. எந்தக் கோர்ட்டும் அவன ஒண்ணும் செய்யாதுன்னு நாம முன்னாடியே முடிவு பண்ணிட்டோம். அதான் சூளைல எரிச்சப்ப உறுத்தல. 2016 தெறில மந்திரி மகன், ஒரு பொண்ண நாசம் பண்ணினவன். டெல்லி சம்பவம் நடந்து 4 வருஷம்கூட ஆகல. பொம்பளப் பிள்ளய வெளிய அனுப்பிட்டு வாசல்லயே நின்னோமே, அந்தப் பயம்தான் அந்தப் படம்.

கார்த்தி சிங்கப்பூர்: 1971ல வந்த டர்ட்டி ஹாரியும் இதான். சான் பிரான்சிஸ்கோல ஸோடியாக்னு ஒரு கொலைகாரன் பத்திரிகைக்குக் கடுதாசி போட்டுட்டே திரிஞ்சான். நிஜத்துல பிடிபடவே இல்ல. படத்துல ஹாரி சுட்டுட்டாரு.

பெரியப்பா: எல்லாம் சரிட்டி மதி. பெரியம்மா செயின அறுத்தானே, அந்தக் கேஸுக்கு எத்தன வாய்தா? நீ அப்ப கைப்பிள்ள. வேலைக்கு லீவு போட்டுட்டு கோர்ட்டு வேப்பமரத்தடில உக்காந்தவனுக்குத்தான் தெரியும், ஏன் விசில் அடிச்சோம்னு.

மதி: அந்த வலி பொய்யில்ல பெரியப்பா. கோர்ட்டு சீக்கிரம் முடிச்சிருந்தா இந்தப் படங்களுக்கு இவ்வளவு கைதட்டு விழுந்திருக்காது. ஆனா ஹைதராபாத்த நெனச்சுப் பாருங்க. 2019 டிசம்பர் 6, டாக்டர் பொண்ண நாசம் பண்ணிக் கொன்னதாப் பிடிச்ச நாலு பேர போலீஸ் சுட்டுக் கொன்னாங்க. சனங்க போலீஸ் மேல பூ தூவினாங்க, இந்த குரூப்லயும் எல்லாரும் 🙏 போட்டோம். உச்ச நீதிமன்றம் போட்ட விசாரணைக் கமிஷன் 2022ல என்ன சொல்லுச்சு? தற்காப்புக்குச் சுடல, சாகட்டும்னே சுட்டதுன்னு. அதுல மூணு பேருக்கு அப்ப 18 வயசே ஆகலன்னு.

சித்தி: ஹைதராபாத்துக்கு மறு வருஷமே, 2020ல, சாத்தான்குளம். தகப்பனும் மகனும் போலீஸ் அடிச்சு செத்தாங்க. சாமி எடுத்த ஹரியே அப்ப அறிக்கை விட்டாரு, காவல்துறையப் பெருமைப்படுத்தி அஞ்சு படம் எடுத்ததுக்கு வேதனைப்படுறேன்னு. அத வாசிச்சு அழுதுட்டேன்.

முத்து அண்ணன்: போலீஸ் தப்பு செய்யாதவங்களப் பிடிச்சு அடிக்கிற விசாரணை படமும் அதே 2016தான், தெறிக்கு ரெண்டு மாசம் முந்தி. பாதிக்கு மேல பாக்க முடியாம எந்திரிச்சு வந்துட்டேன்.

பெரியம்மா: செயின் போன மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாவ. ஒரு பையன் ஜட்டியோட தரையில உக்காந்திருந்தான். உதடு கிழிஞ்சு ரத்தம் காஞ்சு போயிருந்துச்சு. இவந்தானம்மான்னு கேட்டாவ. அறுத்தவன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல, பின்னால இருந்துல்லா இழுத்தான். உங்க பெரியப்பா ஆமான்னு சொல்லச் சொல்லிக் கண்ணக் காட்டுனாவ. நான் இவன் இல்லன்னுட்டு வெளிய வந்துட்டேன். ஆறு மாசம் கழிச்சு செயின் வேற ஒருத்தன்ட்ட இருந்துல்லா கெடச்சுது.

பெரியப்பா: ஆமா. கண்ணக் காட்டுனது நான்தான்.

பெரியப்பா: அந்தப் பையன் பேரு என்னன்னுகூட நாங்க கேக்கல.