சைகை மொழி உரைபெயர்ப்பாளரும் சட்டத்தரணியும் தேவை

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் வசிக்கும் என் சின்னம்மாவின் மகள் பிறவியிலேயே செவிப்புலனற்றவர். 2009 இடப்பெயர்வோடு படிப்பு நின்றாலும் தமிழில் எழுத வாசிக்கத் தெரிந்தவர். கடந்த வாரம் வேலித் தகராறொன்றில் தாக்கப்பட்டுப் பொலிஸ் நிலையம் சென்றபோது, அவர் கொப்பித் தாளில் தமிழில் எழுதிக் கொண்டுபோன முறைப்பாட்டை எவரும் வாங்கிப் பார்க்கவில்லை. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலமொன்றில், அதை விளங்கப்படுத்தாமலேயே, கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள். தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவர் அங்கே இருந்திருந்தாலும் தங்கையின் சைகை அந்த உத்தியோகத்தருக்கு விளங்கியிருக்காது.

அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மொழி ஆகியவற்றின் பேரில் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் அங்கவீனத்தை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அங்கவீனமுற்றவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்திலுள்ள பாரபட்சத் தடையோ வேலை, கல்வி, பொது இடங்களுக்குள் நுழைதல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. அங்கவீனமுற்றவர்களின் உரிமைகள் பற்றி இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 13 ஆம் உறுப்புரைதான் நீதியை அணுகும் உரிமையை நேரடியாகப் பேசுகிறது.

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. ஆகவே முறைப்பாட்டைத் தமிழில் வரைந்து தரக்கூடிய சட்டத்தரணி ஒருவரையும், வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ தமிழ் அறிந்த சைகை மொழி உரைபெயர்ப்பாளர் ஒருவரையும் தெரிந்தவர்கள் தயவுசெய்து உட்பெட்டியில் அறியத்தாருங்கள். உரைபெயர்ப்பாளர் பெண்ணாக இருந்தால் தங்கை கூச்சமின்றி நடந்ததைச் சொல்வார். போக்குவரத்துச் செலவை நாங்களே ஏற்றுக்கொள்வோம்.