எஃபிப்பியம்: முட்டையின் பெயரா, பெட்டியின் பெயரா?

> 'உறைமுட்டை' என்றே வைத்துவிடலாமே? உறைக்குள் இருக்கும் முட்டை. சொல்லும் சிறியது.

வணக்கம் ஐயா,

நீர்த்தெள்ளுகளுக்கான நம் கலைச்சொல் பட்டியலில் எஃபிப்பியத்துக்கு நீங்கள் சொல்லும் 'உறைமுட்டை' சிறியதுதான். ஆனால் முதல்முறை படிப்பவர் குளிரில் உறைந்த முட்டை என்றே கொள்வார். அதைவிடப் பெரிய சிக்கல், எஃபிப்பியம் என்பது முட்டையே அல்ல.

தாங்கலில் நீரும் நுண்பாசியும் நிறைந்திருக்கும் வரை டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளின் பெண்கள் கன்னி இனப்பெருக்கத்தில், அதாவது ஆணின்றியே, பெண்களையே ஈனும். 20 டிகிரி வெப்பத்தில் மூன்று நான்கு நாளுக்கு ஓர் ஈத்து. கூட்டம் பெருகி, இரை குறைந்து, பகலும் சுருங்கினால் ஆண்கள் பிறக்கும். அப்போது பெண்ணின் முதுகோட்டில் ஒரு பகுதி தடித்துக் கறுத்து இருமடல் பெட்டியாகிறது. அதற்குள் இரண்டு முட்டைகள் இறங்கும். அடுத்த தோலுரிப்பில் பெட்டி மட்டும் கழன்று சேற்றில் விழும். அந்தப் பெட்டிதான் எஃபிப்பியம்.

ஆண் கிடைக்காத டாஃப்னியா வெறும் பெட்டியைக் கழற்றிப் போடுவதும் உண்டு. அதை 'வெற்று உறைமுட்டை' என்று எழுத முடியுமா? மறுபுறம், டயஃபனோசோமா என்ற வேறொரு நீர்த்தெள்ளு பெட்டி கட்டாமலே தன் ஓய்வுமுட்டையை நீரில் விடுகிறது. மொய்னா என்ற இன்னொரு நீர்த்தெள்ளு வகையில், மொய்னா மைக்ரூரா பெட்டிக்கு ஒரு முட்டை, மொய்னா மேக்ரோகோப்பா இரண்டு. பெட்டியை எண்ணுவது வேறு, முட்டையை எண்ணுவது வேறு. ஆகவே பெட்டிக்கு ஒரு சொல், உள்ளிருப்பதற்கு ஒரு சொல் வேண்டும். கிரேக்க மூலத்தின் பொருளும் சேணம் என்பதால், பெட்டிக்குச் 'சேணப்பேழை' என முன்மொழிகிறேன்.

---

> கிரேக்க மூலத்தின் பொருளும் சேணம் என்பதால்

அம்மா, பிரித்துக் காட்டியது சரி. சேணத்தில்தான் தயக்கம். மண்புழுவின் உடலில் தடித்த பட்டையாகத் தெரியும் கிளைடெல்லத்துக்கும் மூலச்சொல்லின் பொருள் பொதிசேணமே. நாளை அதற்குத் தமிழ் தேடுபவரும் இதே சொல்லில் வந்து நிற்பார். 'முட்டைப்பேழை' என்றால் கரப்பான்பூச்சியின் முட்டைக்கூட்டோடு குழம்பும். முன்பு இங்கே வந்த 'பாலினமுட்டை' அறவே ஆகாது: ஆர்க்டிக் பகுதி டாஃப்னியா பியூலெக்ஸ் வம்சங்கள் சில, ஆணின் துணையின்றியே இந்தப் பெட்டி முட்டைகளை இடுகின்றன.

உருவாகும் இடம் முதுகு. 'முதுகுப்பேழை' போதும். உள்ளிருப்பது செல்பிளவு தொடங்கிப் பாதியில் நின்ற கரு என்பதால் 'ஓய்வுக்கரு'. அகராதியில் அழகாக இருக்கும் சொல் செய்முறை ஏட்டில் நொண்டும். எனவே எழுதியே பார்த்தேன்:

"குட்டை வற்றியபின் மேல்மண்ணை 2 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டவும். நீரில் கரைத்து 100 மைக்ரான் வலையில் அலசவும். வலையில் தங்கியதை, லிட்டர் நீருக்கு ஒரு கிலோ சர்க்கரை கரைத்த பாகில் கலந்து மையவிலக்குப் பொறியில் சுழற்றவும். மணல் அடியில் தங்கும், முதுகுப்பேழைகள் மிதக்கும். உடனே நல்ல நீரில் பலமுறை கழுவவும். பாகு ஒட்டியிருந்தால் ஓய்வுக்கருவின் நீரை உறிஞ்சும், பூஞ்சையும் பிடிக்கும். சில முதுகுப்பேழைகளை ஊசியால் திறந்து, எத்தனை வெற்று என்று குறிக்கவும். மீதியை ஆழமில்லாத தட்டில், குளோரின் நீங்கிய நீரில், தொடர்ந்த வெளிச்சத்தில் வைக்கவும்."

வெற்றுப் பேழைகளைக் கழிக்காமல் பொரிப்பு விகிதம் போட்டால் கணக்கு பொய்த்துவிடும். 'உறைமுட்டை'யை வைத்து இந்த வரியை எழுதவே வராது. தட்டை அலமாரிக்குள் மூடிவைத்துவிட்டு "பொரியவில்லை" என்பதும் வழக்கமாக நடப்பதே. பொரிக்க வெளிச்சம் வேண்டும். 20–22 டிகிரியில் மூன்று நான்கு நாளில் பொரியும் என்பது டாஃப்னியா மேக்னாவுக்கான நெறிமுறை. சென்னை மொய்னாவுக்கு அதை அப்படியே விதிக்க வேண்டாம். கொளத்தூர் மீன்கடையில் 'டாஃப்னியா' என்று கேட்டாலும் கிடைப்பது மொய்னாவாக இருக்கலாம், உருப்பெருக்கியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

முதுகுப்பேழைக்கு என் இசைவும் உண்டு. சேணத்தை விட்டுவிடுகிறேன்.

அடுத்து சைக்ளோமார்ஃபோசிஸ். பட்டியலில் 'பருவ உருமாற்றம்' என்று இருக்கிறது. உருமாற்றம் என்றால் புழு பட்டாம்பூச்சியாவதுபோல ஓர் உயிர் தன் வாழ்நாளில் மாறுவது. இங்கே நடப்பது, ஒரே மரபணுத் தொகுதி கொண்ட தலைமுறைகள் பருவத்துக்கேற்ப வெவ்வேறு உடலோடு பிறந்து வளர்வது. ஜெர்மன் விலங்கியலாளர் வோல்டெரெக் 1909இல், ஒரே மரபணுத் தொகுதி சூழலுக்கேற்ப எப்படியெல்லாம் உருவெடுக்கும் என்பதைக் குறிக்கும் 'எதிர்வினை நெறி' என்ற கருத்தை வகுத்ததே டாஃப்னியாவின் தலைக்கவச உயரத்தை அளந்துதான். 'திரிபு' வேண்டாம். கொரோனாவுக்குப் பின் அது மரபணு மாற்றத்தையே நினைவூட்டுகிறது. 'பருவ உருவேறுபாடு' என்று திருத்தலாம்.

ஒரு நுணுக்கம். டாஃப்னியா லும்ஹோல்ட்சியின் நீண்ட தலைமுள்ளையும் வால்முள்ளையும் மீன் இருந்த நீரின் வாசனையாலேயே ஆய்வகத்தில் தூண்டலாம்; டாஃப்னியா பியூலெக்ஸ் குஞ்சின் பிடரிப்பற்களைக் கொசுவை ஒத்த கேயோபோரஸ் பூச்சியின் புழுவின் வாசனை தூண்டும். இவற்றில் பருவத்துக்கு வேலை இல்லை. எனவே 'தூண்டிய உருவேறுபாடு' என்ற தனிப்பதிவு ஒன்றும், இரண்டுக்கும் இடையே 'ஒப்பு நோக்குக' குறிப்பும் தேவை.