பூச்சிக்காளையின் விந்தில் வால் சுருட்டு: விற்றுவிடலாமா?

கொறங்காட்டான்:
காங்கயம் பக்கம் பண்ணையம். பசுக்களைச் சினைப்படுத்த நாலு பல் மயிலைப் பூச்சிக்காளை ஒன்று வைத்திருக்கிறேன். தை வரை விட்ட பசு எல்லாம் சினை நின்றது. சித்திரையில் ஐந்து பசுவுக்கு விட்டேன், நான்கு மறுபடி காளைக்குக் கத்துகின்றன. விந்தைச் சோதித்ததில் பாதிக்கு மேல் விந்தணுக்களின் வால் மடிந்தும் சுருண்டும் இருக்கிறதாம். சிலவற்றில் தலை தனியாகக் கழன்றே கிடக்கிறது. தீனியில் குறையே வைக்கவில்லைங்க. கொழுக்கட்டைப் புல், சோளத்தட்டு, மாசியிலிருந்து தினம் 2 கிலோ பருத்திக்கொட்டை ஆட்டித் தண்ணி காட்டுகிறேன். சந்தைக்கு ஓட்டிவிடு என்கிறார் மச்சான். அந்த வால் எங்கேதான் கெடுகிறது?

நுண்ணோக்கிக்காரன்:
முதலில் விந்து பிடித்த குழாய் ஈரமாக இருந்ததா என்று கேளுங்கள். தண்ணீர் பட்டாலே நல்ல அணுவின் வாலும் சுருண்டுகொள்ளும். சில்லிட்ட கண்ணாடியும் ஆகாது. கழுவிய குழாயைத் துடைக்காமல் நானே ஒரு நல்ல காளைக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்திருக்கிறேன். ஆனால் தலை கழன்று கிடப்பதற்குத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது.

விலங்கியல் வாத்தியார்:
அப்படியானால் கட்டுமானக் கோளாறு. விந்தணு ஆரம்பத்தில் உருண்டைச் செல்தான். டியூபுலின் என்ற புரதம் நுண்குழல்களாகக் கோத்து, தலையைச் சுற்றிப் பாவாடை போலச் சாரம் கட்டும். மான்செட் என்பார்கள். தலையை நீட்டி ஒடுக்குவதில் அதற்குப் பங்கு உண்டு. வாலுக்கு வேண்டிய சாமானும் அந்தச் சாரத்தின் வழியாகத்தான் இறங்கும். வேலை முடிந்ததும் கலைந்துவிடும்.

வாலுக்குள்ளும் அதே டியூபுலின்தான்: நடுவில் 2 ஒற்றைக் குழல், சுற்றிலும் 9 இரட்டைக் குழல். டைனீன் என்ற புரதக் கைகள் பக்கத்துக் குழலைப் பிடித்து இழுப்பதால்தான் வால் அடிக்கிறது. வாலில் தலையை ஒட்டிய பகுதியான நடுத்துண்டு முடியும் இடத்தில் செப்டின் புரதத்தாலான வளையம் ஒன்று உண்டு. செப்டின்-4 இல்லாத சுண்டெலிகளில் வால் சரியாக அங்கேதான் மடிகிறது, ஆண் எலி மலடு.

முழுதாக உருவான அணு தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளாது. இன்று பார்க்கிற கோணல் வால் பெரும்பாலும் எப்போதோ கட்டும்போது கெட்டது. காளைக்கு விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாள், அது முதிரும் விரைமேல் குழாயைக் கடக்கச் சுமார் 10 நாள்.

மாசியில் என்ன மாற்றினீர்கள்? பருத்திக்கொட்டை! அதிலுள்ள காசிபோல் என்ற நச்சுப்பொருள் காளையின் விந்தணுவில் நடுத்துண்டைத்தான் முதலில் கெடுக்கும். கத்திரி வெயிலுக்கும் பங்கு இருக்கலாம், என் சந்தேகம் கொட்டை மேல்தான். நிறுத்திவிட்டு 70 நாளுக்கு மேல் பொறுத்து மறுபடி சோதியுங்கள். அதுவரை விற்காதீர்கள்.

கொறங்காட்டான்:
சரிங்க, இன்றோடு நிறுத்தியாச்சு. ஆவணியில் சோதிக்கிறேன். மிச்சம் அரை மூட்டை கறவை மாட்டுக்குப் போகட்டும். ஒரு வயதுக் காரிக் காளைக்கன்றுக்கும் அதே தண்ணிதான் காட்டினேன், அதுக்கும் நிறுத்தணுங்களா?

விலங்கியல் வாத்தியார்:
அதுக்கு முதலில் நிறுத்துங்க.