ஒரே குடுவையில் சில தைலேரியா மட்டும் மீரோசோயிட்டாக மாறுவது ஏன்?

கேள்வி (கால்நடை நுண்ணுயிரியல் மாணவி):
வணக்கம். தைலேரியா அன்னுலேட்டா என்ற, உண்ணி பரப்பும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி தொற்றிய மாட்டு வெள்ளணுக்களின் வளர்ப்பை 37 டிகிரியிலிருந்து 41 டிகிரிக்கு மாற்றினால், ஷைசாண்ட் நிலையிலுள்ள (வெள்ளணுவுக்குள் பல கருக்களோடு வளரும்) ஒட்டுண்ணி சில நாட்களில், சிவப்பணுக்களில் நுழையும் மீரோசோயிட்டுகளாகப் பிரிகிறது. ஒற்றைச் செல்லிலிருந்து பெருக்கிய வளர்ப்பிலும், அதே வெப்பத்தில், சில செல்கள் முதலில் மாறுகின்றன. சில மாறுவதே இல்லை. வெப்பம்தான் மரபணுக்களைத் தூண்டுகிறது என்றால் எல்லாம் ஒருசேர மாற வேண்டாமா?

பதில் (ஒட்டுண்ணியியல் ஆய்வாளர்):
வெப்பத்தை, தட்டியவுடன் இயக்கும் சுவிட்ச் போலக் கருதுவதில்தான் சிக்கல் இருக்கிறது. டி7 என்ற, ஒற்றைச் செல்லிலிருந்து பெருக்கிய தொற்றுச்செல் வளர்ப்பு வரிசை 41 டிகிரியில் நன்றாக மாறுகிறது. இ3 என்பது அதே வெப்பத்தில் பெரும்பாலும் ஷைசாண்டாகவே நின்றுவிடுகிறது. ஆகவே வெப்பம் மாற்றத்தின் வாய்ப்பைக் கூட்டுகிறதே தவிர, அதைத் தீர்மானிப்பதில்லை.

ஷைசாண்ட், தான் குடியிருக்கும் வெள்ளணு பிரியும்போது அதன் கதிர் இழைகளைப் பற்றிக்கொண்டு தானும் பிரிந்து, இரு சேய்ச்செல்களிலும் இடம்பிடித்துவிடும். வெப்பம் கூடும்போது இந்த ஒத்திசைவு குலைகிறது: வெள்ளணுவின் பிரிவு மந்தமாகிறது, ஒட்டுண்ணியோ பருத்துக்கொண்டே போகிறது. அப்போது அதனுள் சேரும் ஒழுங்குபடுத்தும் புரதங்களின் அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் திரும்ப வழியில்லாத மாற்றம் தொடங்குகிறது என்பது நெடுநாள் கருதுகோள். எந்தச் செல் அந்த வரம்பை எப்போது தொடும் என்பது ஓரளவு தற்செயலே என்பதால், ஒரே குடுவையில் நீங்கள் கண்ட வேறுபாடு வியப்புக்குரியதல்ல.

அந்தப் புரதங்களுள் முக்கியமானவை ஏபி2 குடும்பத்துப் படியெடுப்புக் காரணிகள் (டிஎன்ஏவில் ஒட்டி மரபணுக்களை இயக்கும் அல்லது அடக்கும் புரதங்கள்). டிஏ13515 என்ற மரபணுவின் வெளிப்பாடு மீரோசோயிட் உருவாகும்போது உயர்கிறது. அதன் புரதம் ஒட்டிக்கொள்ளும் குறுகிய டிஎன்ஏ வரிசை அதே மரபணுவுக்கு முன்னாலும் இருப்பதால், அது தன்னையே தூண்டிக்கொள்ளக்கூடும். மெதுவாகச் சேர்ந்தது ஒரு கட்டத்தில் திடீரெனப் பெருகுவதற்கு இது பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. வேறு ஏபி2 புரதங்களும் அந்த வரிசைக்கே போட்டியிடுகின்றன என்பதால் எல்லாம் ஒரே மரபணுவின் வேலை என்று எழுதிவிடாதீர்கள். தேர்வுத்தாள்களில் நான் அடிக்கடி காணும் பிழை அது.

பதில் (மற்றொருவர்):
மேலுள்ள விளக்கத்தோடு குரோமாட்டினையும், அதாவது டிஎன்ஏவும் அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களும் சேர்ந்த கட்டமைப்பையும், சேர்க்க வேண்டும். ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 18ஆம் இடத்து லைசின் அமினோ அமிலத்தில் மீத்தைல் என்ற ஒரு சிறு வேதித் தொகுதி ஏறிய குறி, மரபணுக்களை அடக்கிவைப்பதோடு தொடர்புடையது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் குறி ஏறுவதைத் தடுக்கும் வேதிப்பொருளைக் கொடுத்தபோது மாற்றம் ஊக்கம் பெற்றது. காரணி போதுமான அளவில் இருந்தாலும் பூட்டு இளகாத மரபணுவை அது எட்டுவது கடினம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நெடுங்காலம் வளர்த்து வீரியம் குறைத்த தடுப்பூசி வரிசைகளுக்கும் இது பொருந்துமா?

பதில் (ஒட்டுண்ணியியல் ஆய்வாளர்):
இந்தியாவில் பயன்படும் ரக்ஷாவாக்-டி அத்தகைய ஷைசாண்ட் தடுப்பூசிதான். திரவ நைட்ரஜனில் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டியது. மீண்டும் மீண்டும் வளர்ப்பில் மாற்றிவந்த வரிசைகள் பலவற்றில் மீரோசோயிட்டாகும் திறன் மங்கிவிடுகிறது. மீரோசோயிட் இல்லையென்றால் சிவப்பணுவில் வாழும் அடுத்த நிலையான பைரோபிளாசம் இல்லை. அதை உறிஞ்சித் தொற்றெடுக்க உண்ணிக்கும் வழியில்லை. வீரியக் குறைவுக்கு மாறும் திறன் மங்குவது மட்டுமே காரணமல்ல; வெள்ளணு திசுக்களை ஊடுருவ உதவும் நொதிகளின் செயல்பாடும் அவ்வரிசைகளில் குறைகிறது.